டைல்ஸைப் பெயர்க்கும் முன் ஒரு வாளியை வையுங்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து அடுக்ககச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், வீட்டோடு நீச்சல் குளம் கட்டி வைத்திருப்பவர்களுக்கும்:

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் நம் வளாகங்களில் ஒரே பேச்சு: பூலில் தண்ணீர் நிற்கவில்லை. காலையில் பார்த்தால் மட்டம் இறங்கியிருக்கிறது. செக்யூரிட்டியிடம் சொல்லி ஒரு தண்ணீர் லாரி வரவழைத்து நிரப்புகிறோம். அடுத்த வாரம் இன்னொரு லாரி. கூட்டத்தில் யாராவது கேட்டால், "வெயில் சார், ஆவியாயிடுது" என்று பதில் வருகிறது. செலவு கை மீறிப் போன பிறகு வாட்டர்புரூஃபிங் கான்ட்ராக்டரைக் கூப்பிடுகிறோம். அவர் கரையில் நின்றபடியே பார்த்துவிட்டு, டைல்ஸ் மொத்தத்தையும் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும் என்று லட்சக்கணக்கில் எஸ்டிமேட் நீட்டுகிறார்.

லாரிக்கும் கடப்பாரைக்கும் நடுவே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கசிவு இருக்கிறதா, இருந்தால் எந்த இடத்தில் என்று தேடுவது. பெரும்பாலான வளாகங்களில் அதை யாரும் செய்வதே இல்லை. அதைச் செய்து முடிக்கும்வரை இரண்டில் எதற்கும் பணம் கொடுக்காதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் கணக்கு. பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம் கொண்ட குளம் நம் பக்கத்தில் சாதாரணம். பரப்பு 50 சதுர மீட்டர். மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 500 லிட்டர் போய்விட்டது என்று பொருள். ஆவியாவதைத் தள்ளிவிட்டு நாளுக்கு இரண்டு சென்டிமீட்டர் கசிகிறது என்றால் 1,000 லிட்டர். கண்ணுக்கு அந்த இரண்டு சென்டிமீட்டர் ஒன்றுமே இல்லை, டைல்ஸில் ஒரு விரல் அகலம்தான் வரும். ஆனால் பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி ஒன்று பன்னிரண்டே நாளில் காணாமல் போகிறது. ஆண்டுக்கு 3,65,000 லிட்டர்.

2019 கோடையை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் அடி தெரிய வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில், ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டரோடு வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர் என்று நம் ஸ்டேஷன்களைத் தாண்டித்தான் அந்த வண்டி போனது. நான் மேலே சொன்ன அளவில் கசியும் குளங்கள் ஏழு இருந்தால் போதும், ஓராண்டில் அந்த ரயில் கொண்டுவந்த அளவுத் தண்ணீர் யாருக்கும் தெரியாமல் போய்விடும். இந்த மூன்று ஊர்களிலும் பூல் வைத்த வளாகங்கள் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

"மண்ணுக்குள்ளதானே போகுது, நிலத்தடி நீர் ஊறட்டுமே" என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அந்த லாரித் தண்ணீர் புறநகரைத் தாண்டிய கிராமங்களின் வயல் கிணற்றிலிருந்தும் போரிலிருந்தும் உறிஞ்சி வந்தது. அங்கே எடுத்து இங்கே குளோரின் கலந்து மண்ணில் விடுவது யாருக்கும் உபகாரம் ஆகாது. தவிர, கசியும் தண்ணீர் குழாயைச் சுற்றிய மணலை மெல்ல அரித்துக்கொண்டு போகும். ஒரு நாள் கரையோரத்து டைல்ஸ் உட்காரும்போதுதான் அது தெரியவரும்.

சரி, தேடுவது எப்படி? முதல் வேலை, தானாக நிரப்பும் ஏற்பாட்டை மூடுவது. பல குளங்களில் மேல்தொட்டியிலிருந்து ஒரு குழாய் வந்து ஃப்ளோட் வால்வில் முடிகிறது. மட்டம் இறங்க இறங்க அது சத்தமில்லாமல் நிரப்பிக்கொண்டே இருக்கும். குளம் எப்போதும் நிறைந்து தெரியும், மேல்தொட்டி மோட்டார்தான் ஓயாமல் ஓடும். அப்படிப்பட்ட வளாகத்தில் கசிவு ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கலாம். அந்த வால்வை மூடிவிட்டு, ஒரு நாள் யாரையும் குளிக்க விடாமல், வாளியை எடுங்கள்.

சாதாரண பிளாஸ்டிக் வாளி. அடியில் இரண்டு செங்கல் போட்டு, குளத்துத் தண்ணீரையே மொண்டு ஊற்றி, படிக்கட்டின் மேல் படியில் பாதி முங்க வையுங்கள். வாளிக்குள் இருக்கும் மட்டமும் வெளியே குளத்தின் மட்டமும் ஒன்றாக இருக்கட்டும். இரண்டையும் வாளியின் மேலேயே மார்க்கரால் கோடு போட்டுக் குறித்துவிடுங்கள். இருபத்து நான்கு மணி நேரம் கழித்துப் பாருங்கள். வாளிக்கும் குளத்துக்கும் அதே வெயில், அதே காற்று. வாளியில் இறங்கியது ஆவியானது. குளத்தில் அதைவிட எவ்வளவு கூடுதலாக இறங்கியிருக்கிறதோ அது கசிவு. வெயிலா ஓட்டையா என்ற வாக்குவாதம் அத்தோடு தீர்ந்துவிடும். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் உங்கள் குளத்தில் கோளாறே இல்லை, எஸ்டிமேட்டைக் கிழித்துப் போடுங்கள்.

இந்தச் சோதனையை இரண்டு முறை செய்ய வேண்டும். ஒரு நாள் பம்ப்பை வழக்கம்போல ஓட்டி, மறுநாள் பம்ப்பை நிறுத்தி. எந்தப் பக்கம் தேடுவது என்பதை இந்த இரண்டு அளவுகள்தான் சொல்லும். பம்ப் ஓடும்போது அதிகம் இறங்கினால், ஃபில்டரிலிருந்து குளத்துக்குத் திரும்பும் அழுத்தக் குழாயில் சந்தேகம். நிறுத்தியிருக்கும்போது அதிகம் இறங்கினால், உறிஞ்சும் பக்கம். அந்தக் குழாயில் விரிசல் இருந்தால் பம்ப் ஓடும்போது தண்ணீர் வெளியே போகாது, காற்றுதான் உள்ளே வரும். பம்ப்பின் கண்ணாடி மூடிக்குக் கீழே குமிழிகள் ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்க்கலாம். இரண்டு நாளும் ஒரே அளவு இறங்கினால் தொட்டியையும், அதில் பதித்திருக்கும் பொருள்களையும் பார்க்க வேண்டும்.

எங்கள் வளாகம் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருக்கிறது. குளமும், அதன் ஒரு மூலையில் அரை அடி உயரத்தில் ஒரு ஜக்குஸியும். ராத்திரி நிரம்பியிருக்கும் ஜக்குஸி விடிந்தால் அரை அடி இறங்கியிருக்கும். எல்லோரும் ஒரே குரலாக ஜக்குஸிதான் ஓட்டை என்றார்கள். வந்த கான்ட்ராக்டரும் அதையே சொல்லி, ஜெட்டுகள் அத்தனையையும் தோண்டி எடுக்க வேண்டும் என்றார். வாளி வைத்தோம். பம்ப் ஓடும் நாளில் இழப்பு நன்றாகவே கூடுதலாக இருந்தது. நிறுத்திய நாளில் குறைந்தது, ஆனாலும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆக, கசிவு ஒரே இடத்தில் இல்லை.

குளத்தைத் தினமும் சுத்தம் செய்கிற தம்பி ஒருவர் இருக்கிறார். பம்ப் ரூமில் நாங்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் வாசலிலேயே நின்றார். "சார், மோட்டார் ஓடுறப்ப அந்த வேஸ்ட் பைப்பைத் தொட்டுப் பாருங்க, சில்லுன்னு இருக்கும்" என்றார். தொட்டோம். மத்தியான வெக்கையில் அந்த அறையில் தண்ணீர் ஓடாமல் சும்மா இருந்த குழாய்களெல்லாம் வெதுவெதுப்பாக இருக்க, ஃபில்டரைக் கழுவும் பேக்வாஷ் தண்ணீர் வெளியேறும் அந்த ஒரு குழாய் மட்டும் குளிர்ந்து, மேலெல்லாம் வியர்த்திருந்தது. ஃபில்டர் வேலை செய்யும்போது அதில் ஒரு சொட்டும் ஓடக் கூடாது. தண்ணீரின் வழியை மாற்றும் மல்ட்டிபோர்ட் வால்வைக் கழற்றினோம். உள்ளே ஆரக்கால் வடிவத்தில் ஒரு ரப்பர் கேஸ்கெட் உண்டு. அதன் ஒரு கால் தேய்ந்து, பள்ளத்திலிருந்து மேலே எழும்பியிருந்தது. பம்ப் ஓடிய நேரமெல்லாம் குளத்துத் தண்ணீர் அந்த இடுக்கு வழியாகக் கழிவுநீர்த் தொட்டிக்குப் போயிருக்கிறது. அந்தத் தம்பி இதை சூப்பர்வைசரிடம் முன்பே சொல்லியிருக்கிறார், யாரும் காதில் வாங்கவில்லை. உங்கள் வளாகத்திலும் வலைக்கோலோடு தினம் குளத்தைச் சுற்றி வருகிற ஒருவர் இருப்பார். எந்த நிபுணரையும் கூப்பிடுவதற்கு முன் அவரை உட்காரவைத்து, என்ன பார்க்கிறார் என்று கேளுங்கள்.

ஜக்குஸி கசியவே இல்லை. அது குளத்தைவிட உயரத்தில் இருப்பதால், பம்ப் நின்றதும் தண்ணீர் குழாய் வழியே கீழே இறங்கப் பார்க்கும். அதைத் தடுக்க, தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் என்ஆர்வி வால்வு ஒன்று வைத்திருப்பார்கள். அதில் குப்பை சிக்கி மூடாமல் நின்றுவிட்டது. ஜக்குஸியில் குறைந்த தண்ணீர் குளத்தில்தான் சேர்ந்தது. ஜக்குஸியின் வால்வுகளை எல்லாம் மூடி, அதைத் தனியாக ஓர் இரவு விட்டுப் பார்த்ததில் மட்டம் அசையவில்லை. தோண்டச் சொன்ன ஜெட்டுகள் இன்றும் அதே இடத்தில் இருக்கின்றன.

மிச்சக் கசிவுதான் பொறுமையைக் கேட்டது. பம்ப்பை நிறுத்தி, மட்டத்தை அதன் போக்கில் இறங்க விட்டோம். இதுவும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய உத்தி. ஓட்டை இருக்கும் உயரம் வரைதான் தண்ணீர் இறங்கும், அதற்குப் பிறகு ஆவியாகிற அளவோடு நின்றுவிடும். மேல்மட்டக் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மரின் வாயில் நின்றால் ஸ்கிம்மர், திரும்பும் குழாயின் மூக்கில் நின்றால் அது. எங்கள் குளத்தில் பக்கவாட்டுச் சுவர் விளக்குகளின் உயரத்தில் நின்றது. உறுதிப்படுத்த மறுபடி தண்ணீரை ஏற்றி, விளக்குக்குப் போகும் மின்சாரத்தை மெயினிலேயே துண்டித்துவிட்டு, நீந்தத் தெரிந்த ஒருவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு இறங்கினார். கையில் கேக்குக்குப் போடும் சிவப்புக் கலர் நிரப்பிய, ஊசி இல்லாத சிரிஞ்ச். தண்ணீர் துளியும் அசையாமல் இருக்க வேண்டும். நல்ல விளக்குகளின் ஓரத்தில் விட்ட சாயம் அப்படியே மிதந்து மெதுவாகக் கரைந்தது. மூன்றாவது விளக்கின் ஓரத்தில் விட்டதும், ஊதுபத்திப் புகை ஜன்னல் பக்கம் சாய்கிற மாதிரி அந்தச் சிவப்பு வளைந்து, விளிம்புக்குப் பின்னால் நுழைந்து மறைந்தது. விளக்குக் கூட்டுக்குள் மின்கம்பி நுழையும் குழாயின் வாயை, கட்டும்போது யாரும் அடைக்கவில்லை. தண்ணீருக்கடியிலேயே இறுகும் எபாக்ஸி பசையால் அதை அடைத்தோம். அதன்பிறகு வைத்த வாளியிலும் குளத்திலும் கோடுகள் சேர்ந்தே இறங்கின.

எல்லாக் குளமும் இவ்வளவு லேசாக வழிக்கு வராது. குழாய் மண்ணுக்கடியில் உடைந்திருந்தால் வாயை ரப்பர் அடைப்பான்களால் மூடி, உள்ளே அழுத்தம் ஏற்றி, கேஜில் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு லைனாகத் தனித்தனியே செய்வது முக்கியம். எந்த லைன் என்று தெரிந்த பின் காதுக்கருவி வைத்துச் சத்தம் கேட்டு இடத்தைக் குறிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் கூலி நியாயமான செலவு, ஏனென்றால் அதன்பின் தோண்டுவது ஓரிடத்தில் மட்டும்தான்.

விளிம்பு வழியே வழிந்தோடும் மாடல் குளம் என்றால் வாளிச் சோதனை மட்டும் போதாது. பம்ப் ஓடும் வரை குளத்தின் மட்டம் மாறாது, இழப்பு, வழிந்த தண்ணீர் சேரும் பேலன்சிங் டேங்கில்தான் தெரியும். அந்தத் தொட்டியின் சுவரில் கோடு போடுங்கள். விளிம்புக் கால்வாயும் சந்தேகத்துக்குரியது, குளத்துக்குப் பூசிய வாட்டர்புரூஃபிங் அங்கே பல இடங்களில் அரைகுறையாக முடிந்திருக்கும்.

போடியத்தின் மேல், கார் பார்க்கிங்குக்கு நேர் மேலே கட்டிய குளங்களில் வேறொரு ஏமாற்றம் உண்டு. கீழே கூரையில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு இறங்கி, ஒரு காரின் மேல் சொட்டும். சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைத்து அங்கே பெயர்ப்பார்கள். தண்ணீர் டைல்ஸுக்கு அடியில் உள்ள கலவைக்குள் புகுந்து, சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஊர்ந்துபோய், கான்கிரீட்டில் பலவீனமான இடம் கிடைத்த பிறகே இறங்கும். புகுந்த இடம் சில மீட்டர் தள்ளி இருக்கலாம். அதேபோல, டைல்ஸ் இடுக்கில் க்ரௌட் போய்விட்டது, அதனால்தான் கசிகிறது என்பதும் பாதி உண்மை. தண்ணீரைத் தடுப்பது டைல்ஸும் க்ரௌட்டும் அல்ல, அவற்றுக்கு அடியில் இருக்கும் வாட்டர்புரூஃபிங் படலமும் கான்கிரீட்டும். குழாய்கள் கான்கிரீட்டைத் துளைத்துப் போகும் இடங்களைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். க்ரௌட்டை மட்டும் புதுப்பித்துவிட்டுக் காத்திருக்கும் வளாகங்கள் அடுத்த கோடையிலும் லாரிக்குப் போன் செய்கின்றன.

எது எப்படிப் போனாலும், ஒரு விஷயத்தில் உங்கள் கையைப் பிடித்துக் கேட்கிறேன். மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்யாதீர்கள். நம் பகுதி ஏரிகளின் பகுதி. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம், பருத்திப்பட்டு, அந்தப் பக்கம் செம்பரம்பாக்கம். 2019-இல் வறண்டு கிடந்த அதே செம்பரம்பாக்கத்திலிருந்துதான் 2015 டிசம்பர் 1 அன்று விநாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிட்டார்கள். வடகிழக்குப் பருவமழை பிடித்தால் ஏரியை ஒட்டிய மனைகளில் நிலத்தடி நீர் தரைக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். அது தொட்டியைக் கீழிருந்து தூக்கும். தொட்டியின் தரைக்கு மேல் ஒரு மீட்டர் உயரம் வரை நிலத்தடி நீர் நின்றால், சதுர மீட்டருக்கு ஒரு டன் விசை. 50 சதுர மீட்டர் குளத்துக்கு ஐம்பது டன். இருபது சென்டிமீட்டர் கனத்தில் தரையும் சுவரும் போட்டிருந்தால் காலித் தொட்டியின் எடை நாற்பது டன் சொச்சம்தான் வரும். குளத்துக்குள் இருக்கும் தண்ணீரின் எடைதான் அதைத் தரையோடு பிடித்துவைக்கிறது. அதை இறைத்து வெளியே கொட்டிவிட்டால் தொட்டி படகு போல மேலே வரும், குழாய்கள் அத்தனையும் முறியும். ஒரு சிறு கேஸ்கெட்டில் முடிய வேண்டிய வேலை அப்போது புதுக் குளம் கட்டுகிற வேலை ஆகிவிடும். காலி செய்துதான் ஆக வேண்டும் என்றால் மாசியிலிருந்து வைகாசிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் பக்கத்தில் ஒரு குழி தோண்டி நிலத்தடி நீர் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு இறையுங்கள். வீட்டில் நிலத்தடி சம்ப்பைக் கழுவுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

புதிதாகச் சாவி வாங்கிய வளாகங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரெரா எனப்படும் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் 14-ஆம் பிரிவு, வீடு ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்தால் கட்டுநரே தன் செலவில் முப்பது நாளில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. "பூல் லீக்" என்று வாட்ஸ்அப்பில் எழுதினால் நாலு நாள் கழித்து ஒருவர் வந்து சிலிகான் பூசிவிட்டுப் போவார். தேதி போட்டு, பம்ப் ஓடிய நாளின் அளவு, ஓடாத நாளின் அளவு, வாளியின் அளவு, சாயம் உள்ளே போன வீடியோ எல்லாவற்றையும் இணைத்து எழுத்தில் கொடுத்தால் பதில் வேறு மாதிரி வரும். சங்கம் இன்னும் கட்டுநர் கையிலிருந்து குளத்தை வாங்கிக்கொள்ளவில்லை என்றால் இன்னும் நல்லது. தண்ணீர்த் தொட்டிகளுக்கான இந்தியத் தரநிலை 3370, புதுத் தொட்டியை நிரப்பிச் சில நாள் ஊறவிட்டு, பிறகு நாள்தோறும் மட்டத்தை அளந்து சோதிக்கச் சொல்கிறது. அந்தச் சோதனையை உங்கள் கண்ணெதிரே செய்து காட்டச் சொல்லி, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு நான் கேட்பது இதுதான்: லாரி ரிஜிஸ்டரின் பக்கத்தில் குளத்து மட்டத்துக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். வாரத்தில் ஒரு நாள் வாளி. அந்த நோட்டில் இரண்டு கோடுகளுக்கும் வித்தியாசம் தெரிந்த வாரத்திலிருந்து, காரணம் கண்டுபிடிக்கும் வரை பூலுக்கு லாரி கிடையாது என்று தீர்மானம் எழுதுங்கள். குழந்தைகள் சில நாள் முகம் சுருக்குவார்கள். வாளியை அவர்களையே அளக்கச் சொல்லுங்கள், எங்கள் வளாகத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர்தான் இப்போது அந்த நோட்டை எழுதுகிறார்கள்.

குழாய்களை அடைத்து அழுத்தம் பார்க்க வேண்டிய ரப்பர் அடைப்பான்கள், கேஜ், கைப் பம்ப் எங்களிடம் ஒரு செட் இருக்கிறது. எங்கள் வேலை முடிந்துவிட்டது. பக்கத்து வளாகங்கள் எதற்கு வேண்டுமானாலும் இரவலாகத் தருகிறோம், முதல் முறை உபயோகிக்கத் தெரியாவிட்டால் எங்கள் பூல் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து காட்டிக்கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் நேரத்துக்குரிய கூலியை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
அம்பத்தூர் – ஆவடிப் பக்கத்து அடுக்ககவாசி ஒருவர்